முட்டை லாரி ஓட்டும் அப்பாவுக்கு ஹெட்செட் வாங்கிக் கொடுத்தேன், தப்பு செய்துவிட்டேனா?

கேள்வி: பெருந்துறைப் பொண்ணு

எல்லோருக்கும் வணக்கமுங்க. அப்பா 26 வருஷமாக லாரி ஓட்டுகிறார். நாமக்கல்லில் முட்டை ஏற்றிக் கொச்சி வரைக்கும் போவார். சாயங்காலம் லோடு ஏற்றினால் ராத்திரியெல்லாம் ஓட்டி விடிகிற நேரத்துக்குப் போய் இறக்க வேண்டும். முன்பெல்லாம் கூட ஒரு கிளீனர் அண்ணன் போவார். மூன்று வருஷமாக ஆள் கிடைப்பதில்லை என்று ஓனர் தனியாகவே அனுப்புகிறார். தீபாவளி போனஸ் வந்ததும் அப்பாவுக்கு ஒரு நெக்பேண்ட் வாங்கிக் கொடுத்தேன், வெளிச் சத்தத்தை அமுக்குகிற வகை. கேபினுக்குள் இரைச்சல் அவ்வளவு, வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் காதுக்குள் ஙொய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பார், அதற்காகத்தான். போட்டுப் பார்த்துவிட்டு "காதுக்கு இதமா இருக்குது கண்ணு" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். நீலாம்பூர் பைபாஸில் போகும்போது பின்பக்க உள் டயரில் காற்று இறங்கியிருக்கிறது, இவருக்குத் தெரியவில்லை, அம்மாவோடு போனில் பேசிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். பைக்கில் வந்த ஒரு பையன் பக்கத்தில் வந்து கத்தியிருக்கிறான், ஆரன் அடித்திருக்கிறான், ஒன்றும் நடக்காமல் கடைசியில் லாரிக்கு முன்னால் போய்க் கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறான். இறங்கிப் பார்த்தால் டயரில் புகை, கை வைக்க முடியாத சூடு. "நல்ல பையன், யார் பெத்த பிள்ளையோ" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

ஓட்டும்போது இதைப் போடலாமா, கூடாதா? சட்டம் என்ன சொல்கிறது? ஒரு காதில் மட்டும் என்றால் பரவாயில்லையா? பிடுங்கி வைத்துவிடலாம் என்றால், பேசிக்கொண்டே போனால்தான் கண் அசராது என்கிறார், அதற்கு என்ன செய்வது? காது கேளாதவர்களுக்கே லைசென்ஸ் கொடுக்கிறார்களே என்று தம்பி வேறு கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கோவை பைலட்

சகோதரி, நான் 108 ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன், எங்களைப் பைலட் என்பார்கள். என் பதில், கூடாது.

அவிநாசி ரோட்டில் சைரனோடு ஒரு பைக்குக்குப் பின்னால் போய் நிற்பேன். ஹெல்மெட்டுக்குக் கீழே கருப்பாக நெக்பேண்ட் தெரியும். ஆள் நகர மாட்டார். கெட்ட மனுசர் இல்லை, கேட்கவில்லை, அவ்வளவுதான். எனக்குப் பயம் அவர் ஒதுங்காததில் இல்லை. திடீரென்று கண்ணாடியில் என் விளக்கைப் பார்த்துத் திடுக்கிட்டு, இடதா வலதா என்று பார்க்காமல் சடாரென்று வெட்டுவார் பாருங்கள், அதில்தான். சத்தம் தூரத்திலேயே காதில் விழுந்தவர் நிதானமாக இடது பக்கம் போய்விடுவார். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டம் திருத்தியிருக்கிறார்கள், பிரிவு 194இ. உள்ளே படுத்திருப்பவருக்கு அந்த 10,000 எந்த விதத்திலும் உதவாது.

காரில் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுப் பாட்டைச் சத்தமாக வைப்பவர்களுக்கும் இதேதான். ஹெட்செட்டை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

பதில் 2: ஈரோடு வக்கீல் குமாஸ்தா

சட்டத்தை மட்டும் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 184. ஓட்டும்போது கையில் பிடித்துப் பயன்படுத்தும் தொடர்புக் கருவியை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தது 2019 திருத்தம். முதல் தடவை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஹெட்போன் என்ற பெயர் அந்தப் பிரிவில் இல்லை. அதனால் மாட்டிக்கொள்ளலாம் என்று அர்த்தம் எடுக்காதீர்கள். பொதுமக்களுக்கு ஆபத்து வருகிற மாதிரி ஓட்டினாலே அதே பிரிவு பாயும், விபத்து நடந்துவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் காதில் என்ன இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்.

வெளிநாட்டில் தெளிவாகவே எழுதிவிட்டார்கள். பிரான்ஸில் 2015 ஜூலை முதல் காரோட்டி, சைக்கிள் ஓட்டி யாருக்கும் காதில் இயர்போன் கூடாது, 135 யூரோ. கலிபோர்னியாவில் இரண்டு காதையும் மூடக் கூடாது, ஒரு காதுக்குத் தடை இல்லை.

நம் நாட்டில் இதைப் பேசும்போதெல்லாம் குஷிநகர்தான் ஞாபகம் வருகிறது. 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில், ஆளில்லா லெவல் கிராசிங்கில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் போனார்கள். வேன் டிரைவர் காதில் இயர்போன் இருந்தது என்றுதான் அப்போது செய்தி வந்தது.

பதில் 3: பொள்ளாச்சி ரோடு

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தினமும் ஸ்கூட்டரில் கிணத்துக்கடவிலிருந்து கோவைக்குப் போய் வருகிறேன். தெரியாத சந்துக்குப் போகும்போது இடது காதில் மட்டும் ஒன்று போட்டு மேப் சொல்லும் வழியைக் கேட்டுக்கொள்வேன். இல்லையென்றால் போனைக் குனிந்து பார்க்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். இரண்டு நொடி குனிந்தால் 34 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போன மாதிரி. அதற்கு இது மேல் இல்லையா? பாட்டும் பேச்சும் வேறு, "200 மீட்டரில் இடது பக்கம்" என்று ஒரு குரல் சொல்லிவிட்டு அடங்குவது வேறு.

ஆனால் உங்கள் அப்பா வைத்திருக்கும் வகை வேண்டாம். வெளிச் சத்தத்தை மைக்கில் வாங்கி, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விட்டு அமுக்குகிற வேலை அது. ஒரே சீராக வருகிற அடித்தொண்டை இரைச்சலைத்தான் நன்றாக அமுக்கும். லாரியில் இன்ஜினும் டயரும் பேசுவது அந்தக் குரலில்தானே?

பதில் 4: தம்பியின் கேள்விக்கு

என் பெரியப்பா மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. டெஸ்ட்டில் தேறினால் காது கேளாதவர்களுக்கும் லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்று 2011-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது, அண்ணனும் கார் ஓட்டுகிறார். ஒரு தடவை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கண் ஒரு இடத்தில் நிற்காது. நடுக் கண்ணாடி, வலது கண்ணாடி, ரோடு, இடது கண்ணாடி, மறுபடி ரோடு, இப்படியே போய்க்கொண்டிருக்கும். வண்டியில் சின்ன அதிர்வு மாறினாலும் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே கண்டுபிடித்து ஓரம் கட்டிவிடுவார். அது சின்ன வயசிலிருந்து உடம்பில் ஊறின பழக்கம். காதை நம்பியே 26 வருஷம் ஓட்டினவருக்கு ஒரு நாள் காதை அடைத்தால் அந்தக் கண் வந்துவிடுமா? அதுவும் போக அண்ணன் ஓட்டும்போது யாரோடும் பேசுவதில்லை, முழு மனசும் ரோட்டில்தான் இருக்கிறது. போனில் பேசுபவருக்குக் கை இரண்டும் ஸ்டீயரிங்கில் இருந்தாலும் மனசு பாதி வீட்டில் இருக்கும்.

பதில் 5: சங்ககிரி பழைய டிரைவர்

அம்மிணி, நீ வருத்தப்படாதே. அப்பன் காது வலிக்கிறதே என்று ஆசையாக வாங்கிக் கொடுத்தாய், அதில் தப்பு எங்கே இருக்கிறது. நான் 31 வருஷம் ஓட்டிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

லாரிக்காரனுக்குப் பாதி வண்டி காதில்தான் இருக்கிறது. பின்னால் உள் டயர் கண்ணாடியில் தெரியவே தெரியாது. காற்று இறங்கினால் முதலில் பின்னாலிருந்து ஒரு இழுவைச் சத்தம் வரும், அப்புறம் நாற்றம், அப்புறம் புகை. சத்தத்திலேயே நிறுத்தினால் பஞ்சரோடு போகும். புகை வரைக்கும் விட்டால் டயர் தீப்பிடித்து லோடோடு போகும். ஏர் லீக்கானால் உஸ் என்று கேட்கும், அது பிரேக் சமாச்சாரம். பேரிங் போகப்போகிறது என்றால் சக்கரம் முனகும். தார்ப்பாய்க் கயிறு அவிழ்ந்தால் படபடவென்று அடிக்கும். தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை நம்பி இறங்கக் கூடாது, கியரில்தான் இறங்கணும், இன்ஜின் எவ்வளவு திணறுகிறது என்று காதுதான் சொல்லும். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் ஆரன் அடித்துவிட்டு மேலிருந்து பதில் ஆரன் வருகிறதா என்று கேட்டுத்தான் திருப்புவோம். இப்போது ராத்திரியில் அங்கே லாரி விடுவதில்லை, நாங்கள் ஓட்டின காலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்கிறதா என்றும் பார்ப்போம். கேட்டால் யானை நிற்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கப்பா காதில் மாட்டியிருப்பது ஹெட்செட் இல்லை அம்மிணி, கிளீனர் இல்லாத குறை அது. கிளீனர் பக்கத்தில் இருந்தால் பேச்சுத்துணை. வளைவு வந்தால் அவனே பேச்சை நிறுத்துவான், எதிரில் வருவதை அவனும் பார்க்கிறான், நாம் கண் அசந்தால் தோளில் தட்டுவான். போனில் பேசுகிற அம்மாவுக்கு எதிரில் பஸ் வருவது தெரியுமா? அது அவங்க குற்றம் இல்லை.

பேச்சு தூக்கத்தைத் தள்ளிப்போடும், போக்காது. ஓரம் கட்டி இருபது நிமிஷம் படுத்து எழுந்தால்தான் போகும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961-லேயே வந்தது, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான், ஐந்து மணி நேர வேலைக்கு மேல் அரை மணி ஓய்வு இல்லாமல் வேலை வாங்கக் கூடாது என்று 2025 வரைக்கும் அந்தச் சட்டத்தில் இருந்தது. லாரியில் அதை யார் பார்த்தார்கள் என்று கேட்டால் எனக்கும் மனசு கொதிக்கத்தான் செய்யும். ஆனாலும் ஓனரிடம் கேட்கணும். துணை ஆள் இல்லையென்றால் நடுவில் ஓய்வுக்கு நேரம் கொடுங்கள், இறக்குகிற நேரத்தை ஒரு மணி தள்ளிப் பேசுங்கள் என்று கேட்கச் சொல். முட்டை ஒரு மணி தாமதமாக இறங்கினால் கெட்டுப்போகாது.

அப்பாவை ஒரு கம்பி வைத்துக்கொள்ளச் சொல். டீக்கு நிறுத்துகிற இடத்திலெல்லாம் டயரைத் தட்டிப் பார்க்கணும். காற்று இருந்தால் கம்பி துள்ளும், ணங் என்று கேட்கும். இறங்கினது தொப் என்னும். 26 வருஷக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது, தனியாகப் போகிற அலுப்பில் விட்டிருப்பார். இரைச்சல் தாங்கவில்லை என்றால் கதவு ரப்பரை மாற்றச் சொல், கியர் லீவர் அடியில் இருக்கிற ரப்பர் உறை, பூட் என்பார்கள், அது கிழிந்திருந்தால் அங்கேயிருந்துதான் பாதிச் சத்தம் வரும், கீழே கெட்டியாக ரப்பர் மேட் போடச் சொல். பாட்டு வேண்டுமென்றால் ஸ்பீக்கரில் மெதுவாக ஓடட்டும்.

கேள்வி கேட்டவர்: பெருந்துறைப் பொண்ணு

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. சங்ககிரி ஐயா எழுதினதை அப்பாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கிளீனர் இல்லாத குறை என்ற இடம் வந்தபோது அப்பா ஒன்றும் பேசவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து "அந்தாளு சரியாத்தான் சொல்றாரு" என்றார்.

கதவு ரப்பர் மாற்றியாயிற்று. கியர் பூட் நிஜமாகவே கிழிந்துதான் இருந்தது. நெக்பேண்டை வீட்டிலேயே வைத்துவிட்டார், மத்தியானம் தூங்கும்போது தெருச் சத்தம் கேட்காமல் இருக்கப் போட்டுக்கொள்கிறார், அதற்கு நன்றாக இருக்கிறதாம். அம்மா இனிமேல் கூப்பிடுவதில்லை, வண்டியை நிறுத்தினால் அப்பாவே கூப்பிடுவார். நேற்று ராத்திரி 12.20-க்கு வாளையாறிலிருந்து கூப்பிட்டார். "ஆறு டயரும் தட்டிப் பாத்துட்டேன், நல்லா இருக்குது, அரை மணி படுக்கப்போறேன், நீ தூங்கு சாமி" என்றார்.

நேரத்தைத் தள்ளுவது பற்றி ஓனர் இன்னும் பிடி கொடுக்கவில்லை, கிளீனர் ஆள் கிடைத்தால் சம்பளம் தருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பெருந்துறை, விஜயமங்கலம், திருச்செங்கோடு பக்கம் ராத்திரி ஓட்டத்துக்குக் கூடப் போக விருப்பம் உள்ள ஆள் யாராவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள், அப்பாவிடம் சொல்கிறேன்.