காம்பொனென்ட் லைப்ரரிக்கு டாக்குமென்டேஷன் மட்டும் திருத்தினால் அது பங்களிப்பா?

மின்மினி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஃப்ரன்ட்எண்ட் வேலை பார்க்கிறேன். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியில் எழுதிய ஓர் ஓப்பன் சோர்ஸ் காம்பொனென்ட் லைப்ரரியைத்தான் எங்கள் டீமில் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். பட்டன், டயலாக், டேபிள் எல்லாம் அதிலிருந்துதான்.

இப்போது ஒரு பள்ளிக்கான ஆப் செய்கிறோம். ஆசிரியர்களின் பெயர்கள் தமிழில் வர வேண்டும். பெயரின் முதலெழுத்தை வட்டத்துக்குள் காட்டும் அவதார் இருக்கிறதே, அதில் கோமதி டீச்சருக்கு 'கோ' வர வேண்டிய இடத்தில் 'க' வருகிறது. மீனாட்சி டீச்சருக்கு 'ம'. பெயர் ஒரே சொல்லாக இருந்தால் பக்கமே விழுந்துவிடுகிறது. தேடிப் பார்த்தால் பிழை காம்பொனென்டில் இல்லை, அவர்களுடைய டாக்ஸ் (டாக்குமென்டேஷன்) பக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டில் இருக்கிறது. பெயரை இடைவெளியில் வெட்டி, இரண்டு துண்டிலிருந்தும் முதல் கேரக்டரை எடுக்கச் சொல்கிறது.

இதைத் திருத்தி பிஆராக (புல் ரிக்வெஸ்ட், அதாவது என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) அனுப்ப வேண்டும் என்று ஆசை. ஆனால் உடன் வேலை செய்கிறவர், "டாக்ஸ் பிஆர் எல்லாம் கணக்கில் வராது, கோடு எழுதினால்தான் மதிப்பு" என்கிறார். என் ஆங்கிலமும் சுமார்தான். லைப்ரரியைப் பராமரிக்கும், தமிழே தெரியாத மெயின்டெய்னருக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

---

அலைவரிசை:

உங்கள் நண்பர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020 அக்டோபரில், ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு நடந்தபோது 4 பிஆர் அனுப்பினால் டி-ஷர்ட் என்றார்கள். ப்ராஜெக்டின் அறிமுகமான ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து, "அருமையான ப்ராஜெக்ட்" என்று எழுதி, ஆயிரக்கணக்கில் அனுப்பிவிட்டார்கள். மெயின்டெய்னர்கள் நொந்துபோய், விருப்பம் தெரிவித்த ரெப்போக்கள் (ப்ராஜெக்டின் கோடு இருக்கும் இடங்கள்) மட்டுமே கணக்கில் வரும் என்று விதியைப் பாதியிலேயே மாற்ற வேண்டியதாயிற்று. அதிலிருந்து டாக்ஸ் பிஆர் என்றாலே சிலருக்கு ஒரு சந்தேகம். உங்களுடையது அந்த வகை இல்லை. தைரியமாக அனுப்புங்கள்.

---

வேப்பம்பூ:

மின்மினி, ஒரு காம்பொனென்ட் லைப்ரரியின் டாக்ஸைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் கண்டுபிடித்தது அந்த லைப்ரரிக்குள் இருக்கும் பல பிழைகளைவிடப் பெரியது. காம்பொனென்டின் சோர்ஸை யாரும் திறந்து படிப்பதில்லை. டாக்ஸ் பக்கத்தில் இருக்கும் எடுத்துக்காட்டைத்தான் எல்லோரும் காப்பி செய்து தங்கள் ஆப்பில் ஒட்டுகிறார்கள். லைப்ரரியில் ஒரு பிழை இருந்தால் அடுத்த வெர்ஷனில் சரியாகிவிடும். காப்பி செய்து ஒட்டிய எடுத்துக்காட்டுக்கு எந்த அப்டேட்டும் போய்ச் சேராது. அதனால் எடுத்துக்காட்டு முதலிலேயே சரியாக இருக்க வேண்டும். டாக்ஸ் வேலை இரண்டாம்தரம் என்ற பேச்சை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போது உங்கள் பிழைக்கு வருவோம். ஜாவாஸ்கிரிப்டில் 'கோமதி' என்பதன் நீளம் 5. க, ஓகாரக் குறி, ம, த, இகரக் குறி என்று எண்ணுகிறது. அதனால் முதல் கேரக்டர் 'க'தான். இதை இஷ்யூவில் (ரெப்போவில் பதியும் பிழைப் புகாரில்) எழுதும்போது தமிழோடு நிறுத்தாதீர்கள். இந்தியில் 'கிரண்' என்று எழுதினாலும் இதே கதிதான். அப்புறம் மூன்று பேர் கொண்ட குடும்ப எமோஜி ஒன்றையும் பெயருக்கு முன்னால் போட்டுக் காட்டுங்கள். வட்டத்துக்குள் உடைந்த பெட்டி வரும். எந்த மொழிக்காரருக்கும் அந்தப் படம் ஒன்றே போதும், விளக்கம் வேண்டாம்.

ஏன் சாதாரண எமோஜியை விட்டுக் குடும்ப எமோஜியைச் சொல்கிறேன் என்றால், "அரே.ஃப்ரம் போட்டால் சரியாகிவிடுமே" என்று யாராவது உடனே பதில் எழுதுவார்கள். சொல்லை யூனிகோடு குறிகளாகப் பிரிக்கும் அந்த ஜாவாஸ்கிரிப்ட் வழி ஒற்றை எமோஜியைக் காப்பாற்றும். பல எமோஜிகளை ஒட்டி உருவான குடும்பத்தில் அப்பா மட்டும் மிஞ்சுவார், கோமதியும் 'க'வாகவே நிற்பார். சரியான வழி, சொல்லை நாம் பார்க்கும் முழு எழுத்துகளாகப் பிரிக்கும் இன்டல்.செக்மென்டர். க்ரோமிலும் சஃபாரியிலும் முன்பே இருந்தது, ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலில் 125ஆம் வெர்ஷனோடு வந்தது. இன்றைக்குத் தயங்காமல் எடுத்துக்காட்டில் போடலாம். ஒரு விஷயத்தை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்: ஸ்ரீதர் என்ற பெயருக்கு அது 'ஸ்' என்றுதான் தரும், 'ஸ்ரீ' முழுதாக வராது. யூனிகோடு விதிப்படி தமிழில் புள்ளி வைத்த எழுத்தோடு ஒரு துண்டு முடிந்துவிடுகிறது. தீர்வு எதுவரை வேலை செய்யும் என்று நீங்களே சொல்லிவிட்டால் மறுபார்வை செய்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிடும்.

ஒற்றைச் சொல் பெயரில் பக்கம் விழுவதைத் தனி இஷ்யூவாகப் போடுங்கள். எல்லோருக்கும் இரண்டு சொல்லில் பெயர் இருக்கும் என்று எழுதியவர் நினைத்துவிட்டார். நம் ஊரில் 'செ. கோமதி' என்று இனிஷியல் முன்னால் வரும், அல்லது வெறும் கோமதி. இரண்டையும் ஒரே பிஆரில் கலந்தால் ஒன்றின் மீது விவாதம் நீளும்போது மற்றதும் தேங்கிவிடும்.

கோப்பைத் திருத்தும் முன் அந்த ரெப்போவின் பங்களிப்பு விதிகள் அடங்கிய கான்ட்ரிப்யூட்டிங் கோப்பைப் படியுங்கள். பல லைப்ரரிகளில் பிராப்ஸ் (காம்பொனென்டுக்குக் கொடுக்கும் அமைப்புகள்) பட்டியல் கையால் எழுதியதல்ல. சோர்ஸில் ஒவ்வொரு பிராப்புக்கும் மேலே இருக்கும் கமென்டிலிருந்து ஸ்கிரிப்ட் உருவாக்குகிறது. எம்யூஐ என்ற ரியாக்ட் லைப்ரரியில் அப்படித்தான். பட்டியலில் ஒரு வரி தவறென்றால் சோர்ஸில் உள்ள கமென்டைத் திருத்தி, ஸ்கிரிப்டை ஓட்டி, இரண்டு மாற்றத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். உருவான கோப்பை மட்டும் திருத்தினால் அடுத்த முறை அது அழிந்துபோகும். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தனிக் கோப்புகளாக இருக்கும். உங்கள் வேலை அங்கேதான்.

ஆங்கிலம் சுமார் என்பது பொருட்டே இல்லை. என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று மூன்று சின்ன வாக்கியம், கூடவே இணையத்திலேயே கோடு எழுதி ஓட்டும் தளமான ஸ்டாக்பிளிட்ஸில் ஓடும் ஒரு மாதிரி. நீளமான அழகான ஆங்கிலத்தைவிட அந்த லிங்க்கைத்தான் முதலில் சொடுக்குவோம்.

நல்ல டாக்ஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க, பிரிட்டன் அரசின் கவ்.யூகே டிசைன் சிஸ்டத்தைத் திறந்து படியுங்கள். ஒவ்வொரு காம்பொனென்டுக்கும் எப்போது பயன்படுத்தலாம் என்பதோடு, எப்போது பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதியிருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது 2020இல் எண்களுக்கான இன்புட் வகையை அவர்கள் கைவிட்டது. மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எண் தானாக மாறிவிடுகிறது, குரலால் கணினியை இயக்கும் டிராகன் மென்பொருளில் அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்று காரணங்களையெல்லாம் பொதுவில் எழுதி வைத்தார்கள். காரணம் எழுதப்பட்டிருப்பதால், "ஏன் சாதாரண டெக்ஸ்ட் பெட்டி?" என்று கேட்கிறவருக்கு ஒரு லிங்க் கொடுத்தால் போதும். நம் லைப்ரரிகளில் இந்தக் 'கூடாது' பகுதி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அங்கே எழுத வேண்டியது மலையாகக் கிடக்கிறது.

---

நெய்தல்:

வேப்பம்பூ சொல்லாத ஒன்று. அலுவலக நேரத்தில் செய்கிற வேலை என்றால் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சில ப்ராஜெக்டுகளில் சிஎல்ஏ (பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம்) கையெழுத்துப் போடாமல் பிஆர் மெர்ஜ் ஆகாது, அதாவது சேர்த்துக்கொள்ளப்படாது. ஆங்குலர் மெட்டீரியல் போன்ற லைப்ரரிகளில் கூகுளின் சிஎல்ஏ உண்டு. யாரும் தாராளமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி லைசென்ஸ் என்பதால் எதையும் கேட்க வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். லைசென்ஸ் என்பது மற்றவர்கள் அதைப் பயன்படுத்துவதற்கு. நீங்கள் எழுதிய கோடு உங்களுடையதா உங்கள் நிறுவனத்துடையதா என்பதை உங்கள் வேலை ஒப்பந்தம் சொல்லும்.

---

மின்மினி:

ரொம்ப நன்றி எல்லோருக்கும். குடும்ப எமோஜி போட்டுப் பார்த்தேன், அப்படியே பெட்டி வந்தது! இரண்டு இஷ்யூ போடப் போகிறேன். இன்னொரு சந்தேகம். அதே லைப்ரரியின் சிறிய பட்டனில் 'பூர்த்தி செய்' என்று போட்டால் கீழ்ப்பகுதி வெட்டுப்படுகிறது. இது டாக்ஸா, கோடா?

---

வேப்பம்பூ:

இது கோடு. லைன்-ஹைட்டை (வரி உயரத்தை) 1 என்று வைத்து ஓவர்ஃப்ளோவை (வெளியே நீளும் பகுதியை) மறைத்திருப்பார்கள். ஆங்கில எழுத்துக்கு அது போதும். நம் எழுத்தில் மேலே சுழியும் கீழே காலும் நீளும், அது வெட்டிவிடும். "தமிழில் அழகாக இல்லை" என்று எழுதினால் ஓரமாக வைத்துவிடுவார்கள். இணைய அணுகல்தன்மைக்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.1இல் 1.4.12 என்ற விதி இருக்கிறது: பயனர் வரி உயரத்தை எழுத்தளவின் 1.5 மடங்காக்கினாலும் எதுவும் மறையக் கூடாது. அந்த அமைப்பை வைத்தும் பட்டனைச் சோதியுங்கள். அதிலும் வெட்டினால் விதி எண்ணைச் சொல்லி எழுதுங்கள், எல்லா மொழிக்கும் பொருந்தும் புகாராகிவிடும்.

கூடவே காம்பொனென்டுகளைத் தனித்தனியாகக் காட்டும் ஸ்டோரிபுக்கில் தமிழ்ச் சொல்லோடு ஒரு ஸ்டோரி (மாதிரி) சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் ஸ்கிரீன்ஷாட் ஒப்பீட்டுச் சோதனை வைத்திருந்தால், நாளைக்கு வேறு யாராவது அந்தப் பட்டனைத் தொட்டு மறுபடி வெட்டினால் சோதனையே காட்டிக்கொடுக்கும். பார்வையற்றவர்களுக்கு அந்தச் சொல் எப்படி வாசிக்கப்படும் என்று உச்சரிப்பையும் பார்க்க விரும்பினால் விண்டோஸில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் பேசும்.

கமிட் மெசேஜில் (மாற்றத்தோடு எழுதும் குறிப்பில்) அவதாருக்கு 'டாக்ஸ்' என்றும் பட்டனுக்கு 'ஃபிக்ஸ்' என்றும் முன்னொட்டுப் போடுங்கள். அதைப் பார்த்துத் தானாக ரிலீஸ் செய்யும் ப்ராஜெக்டுகளில் பொதுவாக இரண்டாவதற்குத்தான் புது வெர்ஷன் வெளியாகும். இஷ்யூ போட்டதும் லிங்க்கை இங்கே இடுங்கள், நானும் வந்து படித்துக் கருத்துச் சொல்கிறேன்.