சிலம்பப் போட்டி: மகளை நிறுத்தவா, விடவா?

வணக்கம். மகளுக்கு 13 வயது, நாலு வருசமாகச் சிலம்பம் கத்துக்கிறாள். ஊர் மதுரைப் பக்கம். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா தேசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்ததிலிருந்து வீட்டில் பதக்கப் பேச்சுதான். (ஆரம்பித்து வைத்தது நான்தான்.)

நல்லது நடக்காமல் இல்லை. எழுப்பாமலே விடிகாலை அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறாள். கூட்டத்தைப் பார்த்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளை, இப்போது தனியாகக் களத்தில் நிற்கிறாள்.

சிக்கல் ஆறு மாசமாக. தொடுமுறைப் போட்டிக்கு (எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுப்பது) முந்தின ராத்திரி தூக்கமில்லை, காலையில் வாந்தி. மாவட்டப் போட்டியில் ஒரே புள்ளியில் தோற்றதும் கம்பைத் தரையில் அடித்து உடைத்துவிட்டாள். காலடி (கால் வைக்கும் முறை), அலங்கார வீச்சு எதையும் தொடுவதில்லை. 'அதுக்குப் புள்ளி இல்லப்பா' என்கிறாள். சின்னப் பிள்ளைகளோடு கம்பு சுற்றச் சொன்னால் முகம் சுளிக்கிறாள். அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது.

டாக்டரிடம் காட்டினோம், உடம்பில் குறையில்லை, பயம்தான் என்றார். ஒரு போட்டியை விட்டுப் பார்த்தோம், ரெண்டு நாள் சாப்பிடவில்லை. தொடுமுறை வேண்டாம், எதிராளி இல்லாமல் சுற்றிக் காட்டும் தனி வீச்சில் மட்டும் இறங்கு என்றேன், கேட்கவில்லை. ஆசானோ, 'வெறி இருந்தாத்தான் ஜெயிக்க முடியும்' என்கிறார்.

அடுத்த போட்டிக்கு மூணு வாரம் இருக்கிறது. பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பிப் பழகியவர்கள் சொல்லுங்கள்: இந்த நிலையில் இறக்கிவிடலாமா, ஒரு வருசம் போட்டியே இல்லாமல் பயிற்சி மட்டும் போதுமா?