'ட்ஸ்விட்டர்' வண்டிக்குத் தமிழ்ச்சொல்?

ஆட்டோமொபைல் ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் பற்றிய பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 1952 அக்டோபரில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் நகரில் உள்ள ஃபோக்ஸ்வேகன் ஆலை பீட்டிலில் பலவற்றை மாற்றியது. டேஷ்போர்டின் நடுவில் இருந்த வேகமானி ஓட்டுநருக்கு நேரே வந்தது. கதவில் முக்கோணக் கண்ணாடி வந்தது. சக்கரம் 16 அங்குலத்திலிருந்து 15க்கு இறங்கியது. பின்கண்ணாடி மட்டும் பழையபடி நடுக்கம்பத்தோடு இரண்டாகவே இருந்தது. முட்டைவடிவ ஒற்றைக் கண்ணாடி 1953 மார்ச்சில்தான் வந்தது. இடையில் இறங்கிய வண்டிகளுக்கு ஜெர்மனியில் 'ட்ஸ்விட்டர்' என்று பெயர். இருபால் உயிரி என்பது பொருள். எழுத்துப்பெயர்த்தால் மாணவர்கள் ட்விட்டர் என்று படிக்கிறார்கள். 'கலப்பு வண்டி' சரியா?

பழைய வண்டி புதுக்குபவர்:
வேண்டாம் சார். கலப்பு என்றாலே கலப்படம்தான் நினைவுக்கு வரும். 1951 பாடியில் யாரோ 1953 டேஷ்போர்டை மாட்டிவிட்டார்கள் என்று வாங்க வருகிறவர் சந்தேகப்படுவார். அந்தச் சந்தேகம் இந்த வண்டிகளுக்கு ஏற்கெனவே உண்டு. ஆலையிலிருந்தே இப்படித்தான் வந்தது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

தமிழாசிரியர்:
தொல்காப்பியம் இருக்கையில் ஏன் திண்டாட வேண்டும்? உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வருவது விரவுப்பெயர். பழைய வகைக்கும் புதிய வகைக்கும் பொதுவான வண்டி 'விரவு வண்டி'. இன்னொன்றையும் கவனியுங்கள்: நன்னூல் சொல்லும் மூன்று விகாரமும் இதில் இருக்கின்றன. முக்கோணக் கண்ணாடி தோன்றல், சக்கரம் திரிதல், பிறகு நடுக்கம்பம் போனது கெடுதல். புணர்ச்சி இலக்கணத்தை அப்படியே தொழிற்சாலைக்குக் கொண்டுபோகலாம்.

ஆட்டோமொபைல் ஆசிரியர்:
ஐயா, மூன்று விகாரத்தையும் வகுப்பில் கட்டாயம் சொல்வேன். ஆனால் 'விரவு வண்டி'யை மெய்ப்புத் திருத்துபவர் 'விரைவு வண்டி' ஆக்கிவிடுவார்.

இன்னோர் உறுப்பினர்:
பகலும் இரவும் கூடும் வேளை அந்தி. 'அந்தி வண்டி' எனலாமே? நெருங்குதலைக் குறிக்கும் 'அண்டு' என்ற வினையோடு சேர்த்தே அந்தியை நான் பார்க்கிறேன்.

தமிழாசிரியர்:
அதைச் சந்தியாவிலிருந்து வந்ததாகக் கொள்வோரும் உண்டு, அம்மா. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

பழைய வண்டி புதுக்குபவர்:
அந்தி வண்டி என்றால் சாயங்காலம் கிளம்பும் பஸ் என்றுதான் எங்கள் பட்டறைப் பையன்கள் நினைப்பார்கள். 'இடைமாற்ற வண்டி' என்று வையுங்கள். முதல் தடவை மட்டும் 'ஆலை இடைமாற்ற வண்டி' என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

ஆட்டோமொபைல் ஆசிரியர்:
ஆறு பேர் இதற்குச் சரி என்கிறார்கள். இதையே அச்சுக்கு அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:
அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் 'இடைமாற்றம்' என்றால் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதாகவும் படிக்கலாம். ஆலை இங்கே எதையும் பண்டமாற்றுச் செய்யவில்லை. பழைய கூட்டுக்குள் புதிய உறுப்புகளை வைத்தது. அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது 'விரவு' இருக்கட்டும். அந்த 'ர'வை நானே மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன்.