ஆட்டிசம் தெரபி பில் இரண்டாவது தடவையும் ரிஜெக்ட், அவசர உதவி

நந்துஅம்மா: எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு நாலரை வயது, ஆட்டிசம். வாரம் ஐந்து நாள் பிஹேவியர் தெரபி போகிறோம், மாதம் 18,000 ரூபாய். இன்சூரன்ஸில் போட்டால் இரண்டாவது தடவையும் ரிஜெக்ட். கவர் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாமே? சீக்கிரம் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை ஃபீஸ் கட்ட வேண்டும்.

தாமிரபரணி: எந்த இன்சூரன்ஸ் மேடம்? ஆபீஸ் குரூப் பாலிசியா, நீங்களே எடுத்ததா, மத்திய அரசின் நிராமயா திட்டமா?

கீழவீதி: ரிஜெக்ஷன் லெட்டரில் காரணம் என்று ஒரு வரி இருக்கும். அதை அப்படியே டைப் செய்யுங்கள்.

சட்டப்புள்ளி: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4). உடல் நோய்க்கு எப்படியோ, அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2018 ஆகஸ்டிலேயே கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. நேராகக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள். விடாதீர்கள்.

ஓய்வுபெற்றக்ளெய்ம்: 27 வருடம் க்ளெய்ம் மேசையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். "உடல் நோய்க்கு எப்படியோ" என்றீர்களே, உடல் நோய்க்கே சாதாரண பாலிசி ஓ.பி. செலவை, அதாவது அட்மிட் ஆகாமல் பார்க்கும் சிகிச்சைச் செலவைத் தராது. பொதுவாக 24 மணி நேரம் அட்மிட் ஆகியிருக்க வேண்டும். பையன் காலையில் போய் மதியம் வீட்டுக்கு வந்துவிடுகிறான், அது ஓ.பி.தான். ஆம்புட்ஸ்மேனிடம் "நேராக" எல்லாம் போக முடியாது. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதம் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால்தான் அங்கே கதவு திறக்கும். பாலிசிப் புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள் என்று இங்கே எத்தனை தடவை சொல்வது?

மல்லிடீச்சர்: ஆட்டிசம் மனநோய் என்று யார் சொன்னது? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் அது ஒன்று. க்ளெய்முக்காகக் குழந்தைக்கு முத்திரை குத்தாதீர்கள்.

சட்டப்புள்ளி: நான் குத்தவில்லை மேடம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஐசிடி-10இல் ஆட்டிசம் எஃப்84, மன, நடத்தைக் கோளாறுகள் அத்தியாயத்தில்தான் இருக்கிறது.

மல்லிடீச்சர்: என் மகளுக்கு 14 வயது. அவளை நோயாளி என்று எழுதிக் கொடுத்து எனக்கு ஒரு பைசா வேண்டாம்.

சட்டப்புள்ளி: மாதம் 18,000 கட்டுகிற வீட்டுக்கு அந்த ரோஷம் கட்டுப்படியாகுமா?

தாமிரபரணி: இரண்டு பேரும் தனி இழை போட்டுச் சண்டை பிடியுங்கள். நந்துஅம்மா, நிராமயா இல்லையென்றால் உடனே சேருங்கள். நேஷனல் டிரஸ்ட் திட்டம், 1 லட்சம் வரை, ஓ.பி.யும் தெரபியும் உண்டு, மெடிக்கல் டெஸ்ட் கிடையாது. மாற்றுத்திறனாளிச் சான்று வேண்டும். ஆனால் அந்த 1 லட்சத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். தெரபிக்கு உள்ளேயே தனி உச்சவரம்பு. உங்கள் ஃபீஸுக்கு ஒன்றிரண்டு மாதம் தாங்கினால் பெரிய விஷயம். கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம்தான் பில் அனுப்ப வேண்டும், அதனால் வெள்ளிக்கிழமைக்கு உதவாது.

கீழவீதி: பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்களா? எங்கள் சென்டரில் "பயிற்சிக் கட்டணம்" என்று போட்டுக் கொடுத்தார்கள். படிப்புச் செலவு என்று திருப்பிவிட்டார்கள். ஒரு வார்த்தை செய்த வேலை. டாக்டர் சீட்டில் தெரபி எழுதியிருக்க வேண்டும், பில்லில் செஷன் தேதிகள், தெரபிஸ்டின் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்றக்ளெய்ம்: அந்த எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆன்லைன் கோர்ஸ் முடித்தவர்களெல்லாம் போர்டு மாட்டுகிற காலம்.

மல்லிடீச்சர்: ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு ஆர்சிஐ எண்ணே கிடையாது சார். 27 வருடத்தில் இதையும் யாராவது சொல்லியிருக்கலாம்.

சைக்கிள்ராஜா: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டிஇஐசி என்று தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, தெரபி இலவசம். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் நிப்மெட். இரண்டிலும் கூட்டம், தினமும் நேரம் கிடைக்காது. எந்த ஊர் என்று சொல்லவே இல்லையே? வீட்டுக்காரர் பழைய வருமான வரிமுறையில் இருந்தால் 75,000 கழிவும் உண்டு, அதற்கான மருத்துவச் சான்றுப் படிவம் வாங்கிக்கொள்ளுங்கள்.

தாமிரபரணி: மேடம், இருக்கிறீர்களா?

நந்துஅம்மா (ஐந்து நாள் கழித்து): மன்னிக்கவும், பையனுக்குக் காய்ச்சல். வீட்டுக்காரர் ஆபீஸ் பாலிசிதான். லெட்டரில் "ஓ.பி. செலவு", "கல்வி சார்ந்தது" இரண்டுமே இருந்தது. ஹெச்ஆரிடம் கேட்டால் ஓ.பி.க்கு வருடம் 15,000 தனியாக உண்டாம், அதற்கு ஃபாரமே வேறாம். பில்லை மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஃபீஸுக்கு வளையலை வைத்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

ஓய்வுபெற்றக்ளெய்ம்: ஓ.பி. என்று முதலிலேயே சொன்னேன்.

கீழவீதி: பழைய பில்களுக்குக் கெடு தேதி என்ன என்று ஹெச்ஆரிடம் கேட்டீர்களா? எனக்கு அதில்தான் மூன்று மாதம் போயிற்று.