முனை மடங்கிய பழைய கத்தி: எதற்குப் பயன்பட்டது?

தேக்காவாசி: பழைய தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்தது. மரப்பிடியோடு 24 செ.மீ. தகடு நேராகப் போய், நுனி மட்டும் பக்கவாட்டில் மடங்கிக் குறுகலான பள்ளம்போல் இருக்கிறது. கூர் பிடியைப் பார்த்திருக்கிறது. என்ன கருவி?

பட்டறை: லாடம் கட்டுமுன் குளம்பு சீவும் கத்தியோ? அதற்கும் நுனி வளைந்திருக்கும்.

பால்மரக்காடு: குளம்புக் கத்தியின் நுனி உருண்டு சுருண்டிருக்கும், இப்படிக் கோணமாக மடங்காது. இது ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி. ஜெபோங் கத்தி என்பார்கள், நம்மவர்களுக்கு உளி. தள்ளி வெட்டுவதில்லை, இழுத்து வெட்டுவது. அதனால்தான் கூர் பிடியை நோக்கி நிற்கிறது.

வெட்டு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாக, ஏறத்தாழ 30 டிகிரி சரிவில் இறங்கும். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன; இந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். ஒவ்வொரு முறையும் சீவுவது ஒன்று, ஒன்றரை மி.மீ. பட்டைதான். கத்தி ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் அந்த இடத்தில் ஒழுங்காக வெட்டவே முடியாது. ஒரே காயத்தை இப்படி மெல்லச் சீவி மரத்தைக் காக்கும் முறை, 1888 முதல் 1911 வரை இங்கே சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை நடத்திய ரிட்லி வகுத்தது. மண்டாய், செம்பவாங், நீ சூன் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் பால்மரக் காடுதான். இந்தக் கத்தி இங்கே கிடைத்ததில் வியப்பில்லை.

சந்தேகமிருந்தால் சோப்புக் கட்டியில் சரிவாக இழுத்துப் பாருங்கள். பால் வழிந்தோடுகிற மாதிரி ஒரு வாய்க்கால் விழ வேண்டும்.

தேக்காவாசி: விழுந்தது! அடிப்பக்கம் கூர்மையாக, அளவெடுத்தது போல் ஒரு வாய்க்கால். துருவை எப்படி எடுப்பது? சாணை பிடிக்கலாமா?

பட்டறை: உளியேதான், என் ஊகம் தவறு. சாணை வேண்டவே வேண்டாம். கூரில் உள்ள தேய்மானம்தான் அது உழைத்த அடையாளம். சாணைச் சக்கரம் பட்டால் போயிற்று. உலோகப் பகுதியை மட்டும் ஒரு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைப் பிரஷால் தேயுங்கள். மடிப்பின் உள்ளே மூங்கில் குச்சி போதும். வினிகரில் இரவெல்லாம் போடாதீர்கள், இரும்பை அரித்துச் சாம்பல் நிறமாக்கிவிடும். துடைத்ததும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. நல்லெண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும்.

பால்மரக்காடு: தகடு பிடிக்குள் நுழையும் இடத்தையும் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.