வைதருப்பம் என்றால் விதர்ப்ப நாட்டுக்குரியது என்று பொருளா?

கேள்வி:
தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன், முதல் இயலான பொதுவணியியலிலேயே மாட்டிக்கொண்டேன். வைதருப்பம், கௌடம் என்று இரண்டு நெறிகள் வருகின்றன. கையில் இருக்கும் அகராதி 'செய்யுள் நெறிகளுள் ஒன்று' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. முதலில் தருப்பைப் புல்லோடு சேர்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. தமயந்தி பிறந்த விதர்ப்ப நாட்டோடு, அதாவது இன்றைய நாக்பூர்ப் பக்கத்தோடு, தொடர்புடைய சொல்லா இது? அப்படியென்றால் நாக்பூர் ஆரஞ்சை 'வைதருப்ப ஆரஞ்சு' என்று எழுதலாமா? ஒரு கட்டுரைக்காகத்தான் கேட்கிறேன்.

மறுமொழி 1:
ஆமாம், விதர்ப்பத்திலிருந்து வந்ததுதான். வடமொழியில் ஒரு நாட்டின் பெயரிலிருந்து 'அந்நாட்டுக்குரிய' என்ற சொல்லை ஆக்கும்போது முதல் உயிர் மாறும், இதை ஆதிவிருத்தி என்பார்கள். அ ஆகாரமாகும், இகரமும் ஏகாரமும் ஐ ஆகும், உகரம் ஔ ஆகும். விதேகத்துப் பெண் வைதேகி, கேகயத்துப் பெண் கைகேயி, குருவின் வழிவந்தவர்கள் கௌரவர், மகத நாட்டு மொழி மாகதி. நாம் சொல்லும் பெயர்களில் பல இப்படி நாட்டையோ குலத்தையோ சொல்பவைதான்! அந்த வழியில் விதர்ப்பம் வைதர்ப்பம் ஆயிற்று, தமயந்திக்கும் ருக்மிணிக்கும் வைதர்ப்பி என்ற பெயர் உண்டு. தருமம், கருப்பம் என்று எழுதுவதுபோல நடுவில் ஓர் உகரம் சேர்ந்ததால் தமிழில் வைதருப்பம். அப்புறம், தருப்பையை நீங்கள் நினைத்ததும் முழுக்கத் தவறில்லை, விதர்ப்பம் என்பதற்கே 'தருப்பை இல்லாத நாடு' என்று விளக்கம் சொல்வது உண்டு.

மறுமொழி 2:
மேலே சொன்னது சொல்லின் பிறப்பு. நீங்கள் படிக்கும் இடத்தில் அதை நாடாக எடுத்துக்கொண்டால் பொருள் கெட்டுவிடும். செறிவு, தெளிவு, சமநிலை, இன்பம், ஒழுகிசை, உதாரம், உய்த்தலில் பொருண்மை, காந்தம், வலி, சமாதி என்ற பத்துக் குணங்களையும் உயிராகக் கொண்டு நடக்கும் செய்யுள்நடைதான் வைதருப்பம். அந்தக் குணங்கள் நிரம்பாமல் வேறுபட்டு நடப்பது கௌடம், கௌடம் என்பது வங்காளப் பக்கத்துப் பழைய நாடு. வைதருப்ப நடையில் எழுத விதர்ப்பத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் நூலுக்கு மூலமான வடமொழிக் காவ்யாதர்சத்தை எழுதிய தண்டியே பல்லவர் காலத்துக் காஞ்சியோடு சேர்த்துப் பேசப்படுபவர், அவர்தான் வைதருப்பத்தை இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறார். எனக்கு அந்தப் பத்துக் குணங்களில் தெளிவுதான் மிகவும் பிடித்தது. சொல்ல வந்த பொருள் படிப்பவனுக்குத் தடையில்லாமல் விளங்க வேண்டும் என்று ஓர் அணியிலக்கண நூல் முன்னாலேயே சொல்லிவைப்பது பெரிய விஷயம்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, இருவருக்கும். கைகேயியை இத்தனை நாள் வெறும் பெயராகவே நினைத்திருந்தேன். சரி, ஆரஞ்சு?

மறுமொழி 1:
இலக்கணப்படி தவறென்று சொல்ல முடியாது, ஆனால் வேண்டாம். தமிழில் இந்தச் சொல் செய்யுள் நெறிக்கே பெயராக நின்றுவிட்டது, 'வைதருப்ப ஆரஞ்சு' என்றால் படிப்பவர் ஒரு நிமிடம் திகைப்பார். நாக்பூர், அமராவதி பக்கத்து மண்ணையும் மக்களையும் ரஞ்சிக் கோப்பை அணியையும் பற்றி எழுதும்போது விதர்ப்ப என்றே போடுங்கள், விதர்ப்பா என்று நாளிதழ்களில் வருவதும் புரியும். பழங்கதை மாந்தரைச் சொல்லும்போது வைதர்ப்பி, கவிதை நடையைச் சொல்லும்போது வைதருப்பம். கட்டுரையில் முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'விதர்ப்ப நாட்டின் பெயரால் அமைந்த நெறி' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.