அப்டேட்: ட்வின்ஸ், கர்ப்பப்பை வாய் ஸ்கேன்

போன வாரம் என் தங்கச்சிக்கு ட்வின்ஸ், 22வது வாரம், குறைமாசத்துல பிறந்துடுமோன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க முடியுமான்னு கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட். நேத்து உள்வழியா ஸ்கேன் பண்ணி கர்ப்பப்பை வாய் நீளம் பாத்தாங்க, 31 மில்லிமீட்டர் இருக்கு, 25க்கு கீழ போனாதான் ரிஸ்க் கூடுதுன்னு டாக்டர் சொன்னாங்க, அப்பதான் எங்களுக்கு மூச்சே வந்துச்சு. ஆனா நீளம் நல்லா இருந்தா மட்டும் முழுசா நிம்மதியா இருந்துட முடியாது, ட்வின்ஸ்ல பாதிக்கு மேல 37 வாரத்துக்கு முன்னாடியே பிறந்துடுதாம். இவளுக்கு ரெண்டு குழந்தைக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி, ஒரே நஞ்சுக்கொடின்னா இன்னும் கவனமா பாக்கணுமாம்.

பெட் ரெஸ்ட் எடுக்க சொல்லுங்கன்னு நிறைய பேர் எழுதியிருந்தீங்க, அக்கறைக்கு ரொம்ப நன்றி, ஆனா சும்மா படுத்தே கிடந்தா குறைப்பிரசவம் தள்ளிப்போகும்னு ஆதாரம் இல்ல, கால்ல ரத்தம் உறையுற ஆபத்துதான் கூடும். நீளம் குறைஞ்சா புரோஜெஸ்டிரோன்ங்கிற ஹார்மோன் மருந்து வைப்பாங்க, சீக்கிரமே பிறக்கப்போற மாதிரி தெரிஞ்சா குழந்தைங்க நுரையீரல் சீக்கிரம் வளர அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க. அதனால ட்வின்ஸ் சுமக்குறவங்க யாராச்சும் இருந்தா 20லேர்ந்து 24 வாரத்துக்குள்ள இந்த ஸ்கேன் பத்தி டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க, வயிறு இறுகி இறுகி விட்டாலோ தண்ணி மாதிரி கசிஞ்சாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே கிளம்புங்க.